சீதன வீட்டின் பின்னறை

“இவ்வளவு படிச்சது ஊராற்ற கக்கூசை அளக்கவோ?”

எனக்கு வேலை கிடைத்த அன்று என் மாமி கேட்டது இது. அப்பாவின் அக்கா. மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். அதில் கேலி இருந்தது; உண்மையான சந்தேகமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை போன முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அம்மா கருவாடு காயப்போட்டு விற்றவர். இருவருக்கும் தங்கள் பெயரை எழுதத் தெரியும், அதற்கு மேல் இல்லை. படித்த பிள்ளை என்றால் காற்றாடிக்குக் கீழே கதிரை போட்டு இருக்க வேண்டும் என்று எங்கள் ஒழுங்கையில் நினைத்திருந்தார்கள். நானோ அளவுநாடாவைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகப்போகிறேன் என்றேன்.

“ஓம் மாமி, கக்கூசும் அளப்பன், குசினியும் அளப்பன். உங்கட முழங்கால் பிடிக்கிற நேரம் உங்கட வீட்டையும் வந்து அளப்பன்.”

மாமி மீன் கையை ஓங்கினார். அம்மா சிரித்தார். எனக்கு வெட்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அந்த வேலையை இந்த வருடம் விட்டேன். சரியாகச் சொன்னால் வேலைதான் என்னை விட்டது. வெளியிலிருந்து வந்த உதவி நின்றதும், வீடுகளுக்குப் போகும் பிரிவை எங்கள் தொண்டு நிலையம் மூடிவிட்டது. முப்பது வயதாகும் முன்பே ‘முன்னாள் உத்தியோகத்தர்’ ஆகிவிட்டேன். ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். வருத்தக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போனால் முதலில் என்ன செய்வது என்று கேட்டார்கள். வாயால் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள். எழுதத் தொடங்கினால் செய்முறை சீக்கிரமே முடிந்துவிட்டது. ஒரு வீட்டின் கதைதான் முடியாமல் கிடந்தது.

எங்கள் வேலையைச் சொல்வது சுலபம். பக்கவாதம், நீரிழிவு, நரம்பு வருத்தம், வெறும் முதுமை என்று ஏதோ ஒன்றால் ஒருவருக்கு நடை குறைந்துகொண்டு வரும். குறைவதை எங்களால் நிறுத்த முடியாது. அந்த ஆள் இருக்கும் வீட்டை மாற்ற முடியும். படியைச் சாய்தளமாக்குவோம், கதவை அகலமாக்குவோம், சுவரில் கைபிடி வைப்போம், குழாயைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்குவோம். இதற்கான பயிற்சியைக் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தந்தார்கள். பயிற்சியில் காட்டிய வீடுகள் வெள்ளைக் கடதாசியில் இருந்தன. அவற்றில் கோழி இல்லை, கிணற்றடிப் பாசி இல்லை, கதவுக்குக் குறுக்கே சைக்கிள் இல்லை, மாமியார் இல்லை.

வேலையைப் பழகியது பரீதா மிஸ்ஸுக்குப் பின்னால் நடந்துதான். அவர் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். கிண்ணியாக்காரர், கட்டையான ஆள், வேகமான நடை. நாங்கள் ஒரு வீட்டுக்குள் போனதும் வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். இவவுக்கு ஒன்றும் ஏலாது, இவர் சொல்வழி கேட்கிறதில்லை என்பார்கள். மிஸ் யாரையும் மறுக்க மாட்டார். நேரே வருத்தக்காரருக்கு முன்னால் போய் இருப்பார். “உங்கட வீட்ட எனக்குக் காட்டுங்க” என்பார். கட்டிலில் கிடப்பவரானாலும் அவர்தான் காட்ட வேண்டும். தவழ்ந்து காட்டியவர்கள் உண்டு. மகனின் முதுகில் ஏறிக்கொண்டு கையை நீட்டிக் காட்டியவர்களும் உண்டு. எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், எந்தச் சுவரில் கை வைக்கிறார், எந்த இடம் வந்ததும் வேறு கதை எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒருவர் வழக்கமாகக் கை ஊன்றும் இடத்தில் சுவர் கறுத்திருக்கும். கைபிடி அங்கேதான் வரவேண்டும்.

அது முடியும் வரை அளவுநாடாவைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. தொடக்கத்தில் ஒருமுறை எடுத்துவிட்டேன். மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முக்காட்டின் நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அவருடைய கோபம் அவ்வளவுதான். நான் நாடாவைச் சுருட்டிய சத்தம் அந்த வீடு முழுவதும் கேட்டதுபோல் இருந்தது.

என்னிடம் ஒரு மூங்கில் தடி இருந்தது. சக்கர நாற்காலியின் அகலத்துக்கு வெட்டியது. அதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் நடப்பேன். தடி முட்டும் இடத்தில் நாற்காலியும் முட்டும். “மிஸ் காவடி எடுக்கிறா” என்று சின்னப் பிள்ளைகள் பின்னால் வருவார்கள். சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். எங்கள் முற்றங்களில் அந்த நீளம் கிடைக்காது, அதனால் நடுவில் திருப்பி மடிப்போம். சீமெந்து இறுகும் முன் ஈர்க்குமாற்றால் குறுக்கே இழுத்துவிட்டால் சில்லு வழுக்காது. காய்ந்த பிறகு ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்போம். தண்ணீர் வீட்டுக்குள் போனால் எங்கள் மேசன் செல்வம் திரும்ப வரவேண்டும். கைபிடிக்கு வெறும் இரும்புக் குழாய் உதவாது. துறைமுகத்து உப்புக்காற்று ஒரே மாரியில் அதைத் தின்றுவிடும். துருப்பிடித்த கம்பியை நம்புகிறவர், கம்பியே இல்லாதவரை விடப் பலமாக விழுவார்.

மூதூரில் ஒரு பெரியவருக்கு நீரிழிவால் ஒரு கால் போயிருந்தது. தெருவுக்கு இறங்கச் சாய்தளம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். வீட்டைக் காட்டச் சொன்னபோது அவர் தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றுகொண்டார். தொழுகைக்கு முன் யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானே கை கால் முகம் கழுவி ஒழுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. குழாயை இறக்கி, இருக்க ஒரு மேடை கட்டிக் கொடுத்தோம். சாய்தளமும் கட்டினோம். அதில் அவர் இறங்கியது குறைவாம். குழாயின் திருகி மட்டும் தேய்ந்துபோனதாம்.

சம்பூரில் மீள்குடியேறியவர்களின் வீடுகளில் மலசலகூடம் வளவின் கோடியில் இருக்கும். நடுவில் மணல். மணலில் சில்லு புதையும். சீமெந்துக் கற்களைப் பரப்பிப் பாதை போட்டோம். அடுத்த முறை போனபோது அந்தப் பாதை முழுவதும் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. மிஸ்ஸோ சந்தோஷப்பட்டார். வீட்டார் எல்லோருக்கும் உதவுகிற பாதையை யாரும் கிளப்பி எறிய மாட்டார்கள் என்றார்.

அப்படி எத்தனையோ வீடுகள். இனிச் சொல்லப்போவது பாலையூற்றில் உள்ள ஒன்று.

மங்களாக்காவுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவர். தசைகள் மெல்ல மெல்லப் பலமிழக்கும் வருத்தம் தொடையில் தொடங்கியிருந்தது. இது பிறப்பால் வருவது இல்லை, மகளுக்கு வராது, ஆனால் உங்களுக்குக் கூடிக்கொண்டுதான் போகும் என்று கிளினிக் டொக்டர் சொல்லியிருந்தார். கணவர் இராசதுரை அண்ணை துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். ஒரே மகள் தர்சினி.

என்ன வேண்டும் என்று மிஸ் கேட்டபோது மங்களாக்கா யோசிக்கவே இல்லை.

“நடை போனாப் போகட்டும் மிஸ். கக்கூசுக்கு மட்டும் நானாப் போய் நானா வரவேணும். அதுக்கும் மகளைக் கூப்பிடுற நாள் எனக்கு வரக் கூடாது.”

வீட்டைக் காட்டச் சொன்னோம். கூடத்துச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனார். குசினியின் பின்கதவில் ஓர் உயரமான படி. அதில் அப்படியே இருந்து, கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே அரைந்து முற்றத்தில் இறங்கினார். கிணற்றடியைத் தாண்டி மலசலகூடம். அங்கே குந்தி எழும்ப, கூரைச் சட்டத்தில் ஒரு பழைய கயிறு கட்டியிருந்தார். நைலோன் கயிறு. அவருடைய உள்ளங்கையில் கயிற்றுத் தழும்பைப் பார்த்தபோதுதான் அது அவரை எவ்வளவு தாங்கியது என்று விளங்கியது.

திரும்பி வரும்போது கூடத்தில் ஒரு கதவைக் கவனித்தேன். பூட்டியிருந்தது. மங்களாக்கா அதைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனார். அந்தக் கதவின் பக்கத்துச் சுவரில் மட்டும் கைக்கறை இல்லை.

என்ன அறை என்று கேட்டேன். இராசதுரை அண்ணை சாவி எடுத்து வந்து பெருமையோடு திறந்தார். பளிங்குபோலத் தரை. அறையோடு சேர்ந்த குளியலறை, உள்ளே புதுக் கொமட். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை. இந்த ஒழுங்கையில் இப்படி ஒன்று முதலில் எங்கள் வீட்டில்தான் என்றார். தடியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். எங்கும் முட்டவில்லை. அந்த வீட்டில் தடி முட்டாத கதவுகள் அந்த அறையில் மட்டும்தான் இருந்தன.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. தகப்பன் உழைக்கத் தொடங்கிய நாளிலிருந்து கட்டுவார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். நல்ல முன்னறை அவர்களுக்கு. பெற்றோர் குசினிப் பக்கம் உள்ள சின்னப் பின்னறைக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரையும் அனுப்புவதில்லை, அவர்களாகவே போவார்கள். தர்சினிக்கு அப்போது இடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அறையைத் திறந்துவிட்டால் ஒரு கல்லும் வைக்கத் தேவையில்லை என்றார் பரீதா மிஸ்.

இராசதுரை அண்ணை கோபப்படவில்லை. “அது பிள்ளையின்ர அறை, மிஸ்” என்றார்.

தர்சினி தலையைக் குனிந்துகொண்டு, “அம்மா படுக்கட்டும் அப்பா” என்றாள்.

அதற்கு மங்களாக்காதான் பதில் சொன்னார். “வாயை மூடடி. குடிபுகுற அறையில முதல்ல வருத்தக்காரியோ படுக்கிறது?”

மிஸ் கண்ணாடியைத் துடைத்தார்.

சரி, பின்பக்கத்தைச் செய்வோம் என்று முடிவானது. படியைச் சாய்தளமாக்கி, மலசலகூடத்துக்குப் பாதை போட்டு, கைபிடி வைப்போம். அதற்கும் இராசதுரை அண்ணை தயங்கினார். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வரப்போகிறார்கள். சீதன வீடு பார்க்க வருகிறவர்கள் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார்கள், மலசலகூடத்தையும் திறந்து பார்ப்பார்கள். கம்பியும் சாய்தளமும் யாருக்கு என்று கேட்பார்கள். பரம்பரை வருத்தம் என்று ஒரு கதை கிளம்பிவிட்டால் என் பிள்ளை வீட்டோடு இருந்துவிடும் என்றார். டொக்டர்தான் மகளுக்கு வராது என்று சொல்லிவிட்டாரே என்றேன்.

“அதைப் போய் ஆர் அவையளுக்குச் சொல்லுறது தங்கச்சி? சொன்னாலே வருத்தம் இருக்கெண்டு தெரிஞ்சிடுமே.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் மனைவிக்குத் தலை வாரி விடுகிறவர்.

கடைசியில் மிஸ் ஒரு வழி சொன்னார். கழற்றி வைக்கக் கூடிய பலகைச் சாய்தளம். மரவேலை ஓடாவி ஒருவர் தடித்த பலகையில் குறுக்குச் சட்டங்கள் அடித்து, படியில் கொளுவுகிற மாதிரிச் செய்து தந்தார். மலசலகூடத்தில் வைக்க, நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரை. பிடித்து நடக்க ஒரு நடைச்சட்டம். கைபிடி மட்டும் இல்லை. திரும்பி வரும் வழியில் ஓட்டோவுக்குள் மிஸ், “இது அரைவேலை புள்ள. ஆனா சும்மா விட்டா நாளைக்கே விழுவா” என்றார்.

மங்களாக்கா விழவில்லை. அந்தப் பலகையில் தானாகப் போய் வந்தார். முதல் கிழமை ஒவ்வோர் அடியையும் பார்த்து வைத்தார். பிறகு அடியைப் பார்க்காமல் கிணற்றடியில் நிற்பவர்களோடு கதைத்துக்கொண்டே இறங்கினார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால் ஒரு பாதையை நம்பத் தொடங்கிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

வீடு பார்க்கும் நாளுக்கு முன் தர்சினி தொலைபேசியில் அழைத்தாள். அம்மாவைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றாள். மிஸ்ஸிடம் கேட்டேன்.

“போங்க. கழுத்தட்டையக் கழட்டி வெச்சிட்டுப் போங்க. தர்சினிட கூட்டாளியெண்டு சொல்லுங்க.” பிறகு, “பொய்தான். என்ன செய்யிற” என்றார்.

நான் போனபோது பலகை கிணற்றுக்குப் பின்னால், தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே இருந்தது. கதிரையும் நடைச்சட்டமும் அயல்வீட்டில். மங்களாக்கா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கூடத்தில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது. முதல்நாள் பின்னேரத்திலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. குடித்தால் போக வேண்டி வரும், போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினேன். “அவையள் போகட்டும்” என்றார்.

மாப்பிள்ளையின் தாயும் சொந்தக்காரரும் நிலாவெளியிலிருந்து ஒரு வானில் வந்தார்கள். அந்த அம்மா வாய் ஓயாதவர், சிரித்த முகம். முன்னறையைப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார். “இந்த பாத்ரூமைக் கண்டா என்ர மகன் வேலைக்குப் போக மாட்டான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இராசதுரை அண்ணையின் முகத்தில் அன்றைக்குத்தான் இரத்தம் ஓடியது.

பிறகு அந்த அம்மா மங்களாக்காவின் முன்னால் வந்து நின்றார்.

“என்ன சம்பந்தி, வந்ததிலயிருந்து கதிரையை விட்டு எழும்பேல்ல. வாங்கோ, பின்பக்கத்தை நீங்களே காட்டுங்கோ. நாளைக்கு நானும் நீங்களும் இருந்து கதைக்கப் போறது அங்கதானே.”

கால் சுளுக்கு என்று இராசதுரை அண்ணை சொல்லத் தொடங்கினார். மங்களாக்கா அதற்குள் என் தோளைப் பிடித்து எழும்பிவிட்டார். என்னோடு சாய்ந்து, ஆனால் சாய்வது தெரியாமல், கூடத்தைக் கடந்தார். ஒரு பெண்மணியின் நடை அது, ஒரு வீட்டின் சொந்தக்காரியின் நடை. குசினியில் அடுப்பைக் காட்டி, இதில்தான் இடியப்பம் அவிக்கிறனான் என்றார். “அக்கா, காணும், நில்லுங்கோ” என்று மெதுவாகச் சொன்னேன். என் கையை இறுக்கினார். மாப்பிள்ளையின் தாயைத் திரும்பிப் பார்த்து, கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே பின்கதவுக்கு வெளியே காலை வைத்தார்.

படியில் அரைந்து இறங்கிய காலத்தில் என்றால் அங்கே நின்றிருப்பார். பலகை வந்த பிறகு அந்தக் கால் நிற்க மறந்திருந்தது. பலகை இருக்கும் என்று வைத்தது. பலகை இல்லை.

என் கையிலிருந்து அவர் போனதைத் தடுக்க முடியவில்லை. இடுப்புப் பக்கமாக விழுந்தார். விழுந்த இடத்தில் கிடந்துகொண்டு சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார்.

தர்சினி ஓடி வந்து, அம்மாவுக்கு முதலே நடக்க ஏலாது, பலகையை எடுக்க வேண்டாம் என்று சொன்னேனே என்று தகப்பனைப் பார்த்துக் கத்தினாள். அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. என்ன பலகை என்று கேட்ட ஒருவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். படங்கை இழுத்துப் பலகையை எடுத்தோம். அதில்தான் மங்களாக்காவைக் கிடத்தி வானில் ஏற்றினோம்.

வானில் மாப்பிள்ளையின் தாய் அவருடைய தலையை மடியில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வான் நின்றதும் முன் இருக்கையைப் பார்த்துச் சொன்னார்.

“என்ர மனிசன் வருசக்கணக்காப் பாயில கிடந்து போனவர். நான்தான் அள்ளினனான். எனக்கோ ஒளிச்சனீங்கள்?”

இராசதுரை அண்ணை திரும்பவில்லை. அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. எலும்பு பொருந்தியது. ஆனால் கட்டிலில் கிடந்த நாட்கள், வருத்தம் மிச்சம் விட்டிருந்த தசையையும் கொண்டு போய்விட்டன. மங்களாக்கா பிறகு நடக்கவில்லை. கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் நிறுத்த விடவில்லை. தாலி கட்டும்போது மங்களாக்கா கூடத்தில் ஒரு சாய்கதிரையில் இருந்தார். சாப்பாடு பரிமாறும் முன் அவரைப் பின்னறைக்குத் தூக்கிப் போனார்கள்.

நடந்ததைச் சொன்னபோது பரீதா மிஸ் கண்ணாடியைத் தொடவில்லை. கழற்றுகிற பலகை இனி எந்த வீட்டுக்கும் கொடுப்பதில்லை என்றார். ஒன்றில் நிரந்தரமாக, இல்லாவிட்டால் இல்லை. அன்றிலிருந்து வீட்டைக் காட்டச் சொல்வதற்கு முன் மிஸ் இன்னொன்று கேட்பார். இந்த வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்பிள்ளை இருக்கிறதா, கல்யாணம் முடிந்தால் நீங்கள் எந்த அறைக்குப் போவீர்கள்? இதைக் கேட்காமல் சுவரில் கை வைக்காதீர்கள் என்று புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

தர்சினியும் மாப்பிள்ளையும் முன்னறையை மங்களாக்காவுக்கு விடப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கட்டிலையே பிரித்துவிட்டார். மங்களாக்கா சம்மதிக்கவில்லை. கொடுத்ததைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை என்றார். அதனால் பின்னறையின் சுவரை உடைத்து, அதோடு ஒட்டி ஒரு மலசலகூடம் கட்டினோம். இராசதுரை அண்ணை லீவு எடுத்துக்கொண்டு, செல்வம் மேசனோடு சேர்ந்து அந்தச் சுவரைத் தானே உடைத்தார். கட்டில், சக்கர நாற்காலி, கொமட் மூன்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வந்தோம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கி மாற, இழைத்த பலகை ஒன்று. கைகளில் பலம் இருந்தால் போதும், கால் தேவையில்லை.

முதல் நாள் மங்களாக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். நெடுநேரம். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. “என்ன எல்லாரும் கக்கூசு வாசல்ல நிக்கிறியள், கோயிலோ இது?” என்றார்.

அது அடுத்த மாரி வரைக்கும்தான். பிறகு வருத்தம் கைகளுக்கு வந்தது. சறுக்குப் பலகையில் பாதியில் நின்றுவிட்டார். கைபிடி எட்டும் தூரத்தில்தான் இருந்தது, அவருடைய விரல்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. இப்போது தர்சினிதான் துடைத்துக் கழுவி விடுகிறாள். வரக் கூடாது என்று சொன்ன நாள் வந்து, தினமும் வருகிறது.

பிரிவை மூடியதும் கடைசியாக ஒருமுறை போனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். நான் வந்தது தெரிந்ததும் திருப்பிவிடச் சொன்னார்.

“முன்னறையில படுத்திருந்தா அண்டைக்கு விழுந்திருக்க மாட்டன். அது எனக்குத் தெரியும் தங்கச்சி. தெரிஞ்சுதான் வேண்டாமெண்டனான். திரும்பக் கேட்டாலும் வேண்டாமெண்டுதான் சொல்லுவன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஆனா பார், கலியாணத்துக்குப் பிறகு நாங்கள்தான் இஞ்ச வந்து கிடக்கப் போறமெண்டு அந்த மனிசனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பிடியிருந்தும் இந்தப் பின்னறையை எங்களுக்கெண்டு ஒருத்தரும் கட்டேல்ல. நாங்களே கட்டேல்ல.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன். இத்தனை வருடமும் ஆள் விழுந்த பிறகுதான் போயிருக்கிறோம், அல்லது விழுவதற்குக் கொஞ்சம் முன். முன்னறை யாருக்கு என்ற வழக்கத்தை என்னால் மாற்ற முடியாது. மங்களாக்காவாலேயே முடியவில்லை. பின்னறை எப்படி இருக்க வேண்டும் என்று இன்னும் யாரும் வழக்கம் வைக்கவில்லை.

செல்வம் மேசனிடம் போனேன். அத்திவாரம் போட நூல் கட்டுகிற நாளில் என்னையும் கூட்டிப் போங்கள் என்றேன். மேசனுக்குச் சிரிப்பு. “மிஸ்ஸுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ?” நூல் பிடிக்கத் தெரியும் என்றேன். இப்போது அவரோடு போகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் வீட்டுப்படம் கீறப் பழகும் வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் பெண்கள் குறைவு. கேள்வி கேட்பதில் நான்தான் முதல்.

போன கிழமை ஒரு வளவுக்குப் போனோம். கட்டாரிலிருந்து லீவில் வந்தவர் மகளுக்கு வீடு கட்டத் தொடங்குகிறார். மகள் பாலர் பாடசாலைக்குப் போகிற பிள்ளை. மணல் குவியலின் மேல் இருந்துகொண்டு பணிஸ் தின்றாள். படத்தில் முன்னறையோடு குளியலறை. குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறை யாருக்கு என்று கேட்டேன்.

“எங்களுக்குத்தான், பிறகு” என்று சிரித்தார்.

அப்படியென்றால் குளியலறையை அதோடு சேர்ப்போம், குசினியையும் அந்த அறையையும் ஒரே மட்டத்தில் போடுவோம், பின்கதவுக்குக் கீழே படி வேண்டாம் என்றேன். முன்னறைக்கு வேண்டுமானால் பிறகு இன்னொன்று கட்டலாம். அவர் மேசனைப் பார்த்தார். தனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லையே என்றார். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். பாதி விளையாட்டாகத்தான். அதற்குள் தேநீர் கொண்டு வந்த அவருடைய மனைவி, தட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டால் காட்டியிருந்த அந்தச் சின்ன அறைக்குள் போய் நின்றார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“இவர் கட்டாருக்குப் போயிடுவார். இதுக்குள்ள கிடக்கப் போறது நான்” என்றார். “மிஸ், கக்கூசுக் குழியை இஞ்சால, பின்பக்கம் வெட்டச் சொல்லுங்கோ.”

குழிக்கென்று முன்பக்கம் அடித்திருந்த கட்டைகளைப் பிடுங்கிப் பின்பக்கம் அடித்து நூலை இழுத்துக் கட்டினேன். நேற்றுக் குழி வெட்டி முடிந்தது. சீமெந்து வளையங்களை இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்றும் இறங்கிவிட்டன. இனி அதை யாரும் முன்பக்கம் மாற்ற முடியாது.